போணி விரல்

"சாமி அளந்து குடுத்ததுல ஒண்ண வெட்டிப் போட்டா தப்பா மது?"

என் அண்ணி ஜெயபாரதி இதைக் கேட்டபோது நாங்கள் மாம்பலம் ஸ்டேஷன் படிகளில் இறங்கி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தோம். கூட்டத்தில் யாரும் இடித்துவிடாமல் வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். அந்த வலது கையில் ஆறு விரல்கள். சுண்டு விரலை ஒட்டி இன்னொரு சிறிய விரல், நகத்தோடும் ரேகையோடும்.

நான் அப்போது ப்ளஸ் டூ முடித்துவிட்டு, அடுத்து என்ன படிப்பது, எங்கே போவது என்று பிடிபடாமல் வீட்டில் இருந்தேன். உயிரியலில் நல்ல மதிப்பெண்தான். ஆனால் பாடப் புத்தகத்தில் கைக்கு ஐந்து விரல் வரைந்திருந்ததே தவிர, ஏன் ஐந்து என்று எழுதவில்லை. "தெரியல அண்ணி" என்றேன். "சரி, வுடு" என்று சொல்லிவிட்டுக் கீரைக்காரரிடம் போய் நின்றுகொண்டார்.

அண்ணி பிறந்தது நொச்சிக்குப்பத்தில். அவர் அப்பா முருகையன் கடலுக்குப் போகிறவர். குழந்தையின் கையைப் பார்த்தவர்கள், அந்த விரலின் அடியில் நூலை இறுக்கிக் கட்டினால் தானாகக் கருகி விழுந்துவிடும் என்றார்கள். அன்றைக்கு முருகையன் வலை நிறைய மீனோடு கரைக்கு வந்திருந்தார். "இவ கை ராசி. நூலும் வேணாம், கயிறும் வேணாம்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு நாள் மீன்பாடுதான் விரலைக் காப்பாற்றியது.

அதன் பிறகு படகு கிளம்பும்போது வலையைத் தொட்டுக் கொடுப்பது அந்தக் குழந்தையின் வேலையாகிவிட்டது. மீன் கிடைத்த நாளில் தூக்கிக் கொஞ்சினார்கள். கிடைக்காத நாளில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். "நான் இஸ்கூல் சேர்றதுக்கு முன்னாடியே பாஸு, ஃபெயிலு எல்லாம் பாத்துட்டேன்" என்று அண்ணி சிரித்துக்கொண்டே சொல்வார். சொல்லும்போது கையைப் புடவைக்குள் இழுத்துக்கொள்வார்.

என் அண்ணன் மகேஷைக் கல்யாணம் செய்துகொண்டு மேற்கு மாம்பலத்துக்கு வந்த பிறகு, தி. நகரில் அய்யாதுரை அண்ணாச்சியின் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். அது மேட்சிங் சென்டர். புடவையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதே நிறத்தில் ஜாக்கெட் துணி தேடிக் கிழித்துக் கொடுப்பார்கள். சந்துக்குள் சின்னக் கடை. தரையிலிருந்து கூரை வரை துணி. சிவப்பு மட்டுமே ஒரு சுவர் முழுக்க இருக்கும். அண்ணாச்சிக்கு உடன்குடிப் பக்கம். முதல் நாள் அண்ணியிடம் அவர் படிப்பைக் கேட்கவில்லை, அனுபவத்தைக் கேட்கவில்லை. கையைப் பார்த்தார். "நாளைக்கே வந்துரும்மா" என்றார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைய முதல் வியாபாரத்தை, அதாவது போணியை, இரும்பு படாமல் செய்ய வேண்டும். மற்ற நேரத்தில் துணியின் ஓரத்தில் கத்தரியால் ஒரு சின்ன வெட்டு வைத்துவிட்டுக் கிழிப்பார்கள். போணித் துணிக்கு அந்த வெட்டும் கூடாது. வெறும் கையால் கிழிக்க வேண்டும். துணியின் கரை கெட்டியாக நெய்திருக்கும், லேசில் விட்டுக்கொடுக்காது. அண்ணி அந்தக் கரையை ஆறாவது விரலில் ஒரு சுற்று சுற்றி வெடுக்கென்று இழுப்பார். சர்ரென்று கிழியும். அந்தச் சத்தம் கேட்டதும் அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்து கும்பிடுவார்.

விஷயம் பரவியது. கல்யாணப் புடவையோடு வருகிறவர்கள் "அந்த ஆறு விரல் அக்கா இல்லியா?" என்று கேட்டு நின்றார்கள். அவர்கள் துணிக்கும் கத்தரி கூடாது. முகூர்த்த மாதங்களில் நாள் முழுக்க அந்த விரலில் துணி சுற்றிக்கொண்டே இருந்தது.

நான் கவனித்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அண்ணி ஒரு புடவையை வாசல் வெளிச்சத்தில் விரித்து ஒரு தடவை பார்ப்பார். உள்ளே போய் அடுக்கிலிருந்து ஒரே ஒரு துணியை உருவிக்கொண்டு வருவார். இரண்டையும் சேர்த்து வைத்தால் எது புடவை, எது துணி என்று தெரியாது. வந்தவர்கள், "அப்படியே அமைஞ்சிருச்சு பாருங்க, விரல் ராசி" என்பார்கள். அண்ணியும் அப்படித்தான் நம்பினார்.

போன வைகாசியில் விரல் வீங்கியது. முதலில் மஞ்சள் பற்று போட்டார். பிறகு கையை மடக்க முடியவில்லை. சாதத்தை இடது கையால் ஸ்பூனில் அள்ளிச் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு அண்ணன், "ஜெயா, இன்னா வெளாட்றியா? கெளம்பு ஆஸ்பத்திரிக்கு" என்றான். அண்ணனுக்குக் கால் டாக்சி ஓட்டும் வேலை. எங்களை அரசு மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டு அவன் சவாரிக்குப் போக வேண்டியிருந்தது. நான் துணைக்குப் போனேன்.

அங்கே எலும்புப் பிரிவில் டாக்டர் மஹ்விஷ் என்று ஒரு இளம் டாக்டர். எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டிப் பார்த்துவிட்டு, "இந்த விரலால என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார்.

"போணி பண்றேன் டாக்டர்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் விளக்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எக்ஸ்ரேயில் ஓர் இடத்தைப் பேனாவால் காட்டினார். சுண்டு விரலைத் தாங்கும் எலும்பு ஒரு மரக்கவட்டை மாதிரி இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒரு கிளையில் சுண்டு விரல், மற்றதில் ஆறாவது விரல். பிரியும் இடத்தில் மெல்லிய கோடுகள்.

"விரிசல் விட்டு, ஆறி, மறுபடி விட்டிருக்கு. மூட்டும் தேஞ்சு போச்சு. இப்படியே இழுத்துக்கிட்டு இருந்தா சுண்டு விரலும் கெட்டுப்போகும். அப்புறம் இந்தக் கையால எதையும் இறுக்கிப் பிடிக்க முடியாது. எடுத்துடறது நல்லது. கைய மட்டும் மரத்துப்போக வெச்சுப் பண்ணிடலாம்" என்றார். ஆடி மாதத்தில் தேதி கொடுத்தார்.

ஆவணியில் அண்ணாச்சி அடையாறில் புதுக் கிளை திறக்க இருந்தார். அண்ணி விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது.

"சாமி குடுத்தத வெட்டப்படாதும்மா. பெரிய பாவம்லா அது. சரி, ஆவணி வரைக்குமாவது பொறுத்துக்கோ. புதுக்கடையில ஒன் கையால போணி ஆயிட்டுன்னா எனக்கு மனசு நெறஞ்சுரும். அப்புறம் ஒன் இஷ்டம்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. அண்ணன் டெங்குவில் கிடந்தபோது வீடு தேடி வந்து உட்கார்ந்திருந்தவர். கையைக் கூப்பிக்கொண்டு கேட்டால் என்ன செய்வது? அண்ணி சரி என்று சொல்லிவிட்டு வந்தார். அன்று மாலைதான் ஸ்டேஷன் படியில் என்னிடம் அந்தக் கேள்வி.

அண்ணி கேட்டுவிட்டு மறந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. கையில் போன் இருக்கிறது, நேரம் இருக்கிறது. தேடினேன். மயிலாப்பூரில் லஸ் பக்கம் நடைபாதைப் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த விலங்கியல் புத்தகம் ஒன்றும் கிடைத்தது. அதில் ஒரு படம். கல்லில் பதிந்த ஒரு கை. எண்ணிப் பார்த்தேன். எட்டு விரல்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி சமையலறையில் அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். இடது கையால் பிடித்து, வலது கையை மேலோட்டமாக வைத்துக்கொண்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணி, கை மொதல்ல யாருக்கு வந்துச்சு தெரியுமா? மீனுக்கு."

"எந்த மீனுக்கு? நான் பாக்காத மீனா?"

"ரொம்பப் பழைய மீன். முப்பத்தாறு, முப்பத்தேழு கோடி வருஷம் ஆவுது."

"அப்போ எங்க நைனாவும் பாத்திருக்க மாட்டாரு."

சொல்லிக்கொண்டே சங்கராவின் பக்கத் துடுப்பை அறுத்து என் முன்னால் விசிறி போல விரித்துக் காட்டினார். "இதுல இன்னா கை கீது? வெறும் முள்ளு."

உண்மைதான். எழுந்து போய் மறுபடி படித்துவிட்டு வந்தேன். நாம் சமைக்கிற மீன்களில் பெரும்பாலானவை அப்படி விசிறித் துடுப்பு கொண்டவை. அவை வேறு கிளை. நம் கிளையில் வந்த மீன்களுக்குத் துடுப்பு சதைப்பற்றாக இருந்தது. அதற்குள்ளே முதலில் ஓர் எலும்பு, அடுத்து இரண்டு, அதற்கப்புறம் சின்னச் சின்ன எலும்புகள்.

நான் அண்ணியின் கையைத் தொட்டுக் காட்டினேன். தோளிலிருந்து முழங்கை வரை ஒன்று. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை இரண்டு. மணிக்கட்டில் சின்னச் சின்னதாக ஒரு கொத்து. அண்ணி எக்ஸ்ரேயை எடுத்துவரச் சொன்னார். ஜன்னலுக்கு எதிரே பிடித்தோம். மணிக்கட்டில் அந்தக் கொத்து தெளிவாகத் தெரிந்தது.

"சரி, வெரலு?"

"அந்தத் துடுப்போட முனையிலதான் வந்துச்சு. ஆனா மொதல்ல அஞ்சு இல்ல. அகாந்தோஸ்டெகான்னு ஒண்ணு. அதுக்கு முன்காலுல எட்டு. இன்னொண்ணுக்குப் பின்காலுல ஏழு. வேற ஒண்ணுக்கு ஆறு."

"ஆறா?" அண்ணி மீனைத் தட்டில் வைத்தார். "மெய்யாலுமா?"

"மெய்யாலும்."

"அதுங்க நடக்கறதுக்குத்தான் வந்துச்சா?"

"அதான் இல்ல. அந்த எட்டு விரல்காரன் தண்ணிக்குள்ளதான் இருந்தான். செவுள் இருந்துச்சு. செடியும் கொடியும் அடைச்ச, ஆழமில்லாத தண்ணி. அதுல ஒதுக்கிக்கிட்டுப் போக விரல் ஒதவியிருக்கும்னு நெனைக்கறாங்க. தரையில நல்லா நடந்தது அப்புறம்."

அண்ணி தட்டில் வைத்த மீனை மறுபடி கையில் எடுத்தார். பிறகு, "நடக்கறதுக்கு முன்னாடியே வெரலு வந்துடுச்சு. அப்போ இன்னாத்துக்கு வேணும்னு கேட்டுக்கினு யாரும் குடுக்கல" என்றார்.

"அப்படித்தான் அண்ணி."

"எட்டு எப்டி அஞ்சாச்சு?"

"காலப்போக்குல கொறைஞ்சு அஞ்சுல நின்னுடுச்சு. ஏன் அஞ்சுன்னு இன்னிக்கும் யாருக்கும் சரியாத் தெரியல. சிலதுக்கு அதுக்கும் கீழ எறங்கிடுச்சு. மாட்டுக்கு ரெண்டு விரல்லதான் நடை. குதிரைக்கு ஒண்ணு."

"குதிரைய யாரும் பாவம் பண்ணிட்டேன்னு சொல்லலியே" என்றார் அண்ணி. சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

அதோடு விடவில்லை. "அப்போ அந்த மீனோட வெரலுதான் எனக்குத் திரும்பி வந்துக்கீதா?" என்று கேட்டார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆபரேஷன் தேதியை அண்ணி இன்னும் மாற்றியிருக்கவில்லை. அதற்கான ரத்தப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் மஹ்விஷிடம் கேட்டோம்.

"இல்லம்மா. பழைய மீன் எதுவும் திரும்பி வரல" என்றார் அவர். "வயித்துல ஆறு வாரக் குழந்தைக்குக் கை துடுப்பு மாதிரி தட்டையா இருக்கும். அதுக்கப்புறம்தான் விரல் விரலாப் பிரியும். இங்க இத்தனை விரல்னு உள்ளுக்குள்ள ஒரு தகவல் போகும். அது கொஞ்சம் மாறினா ஒண்ணு கூடிடும். சில குடும்பத்துல பரம்பரையா வரும். ஆனா ஒண்ணு. கை செய்ற முறை ரொம்பப் பழசு. அந்த மீன் காலத்துலேர்ந்து வர்ற முறைதான்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சைதாப்பேட்டை தாண்டும்போது சொன்னார்.

"அப்போ இது எனக்குன்னு பாத்து யாரும் அனுப்பல."

"இல்ல அண்ணி."

"கேக்க நல்லாத்தான் கீது. பாவமும் இல்ல, ஒண்ணும் இல்ல." விரலைத் தடவினார். "ஆனா ஒரு மாதிரியாவும் கீது மது. சின்ன வயசுலேர்ந்து எனக்குன்னு வந்ததுன்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

அவர் அழுதாரா என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலை, "துணைக்கு வா" என்று என்னையும் கடைக்கு அழைத்துப் போனார். எக்ஸ்ரே கையில் இருந்தது. போணி முடிந்து அண்ணாச்சி கும்பிட்டு உட்கார்ந்த பிறகு அவர் எதிரே போய் நின்றார்.

"அண்ணாச்சி, மீனுக்கு எட்டு வெரலு இருந்துச்சாம்."

"எந்த மீனுக்கும்மா?"

"முப்பத்தாறு கோடி வருசத்துக்கு முந்தி."

"அப்பம் நம்ம கடை கெடையாதே" என்றார் அண்ணாச்சி. துணி அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அண்ணியும் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"எட்டு ஏழாச்சு, ஏழு ஆறாச்சு, ஆறு அஞ்சாச்சு. கொறைஞ்சதுக்கு யார் மேலயும் சாமி குத்தம் வரல."

அவ்வளவு வரிசையாக நடந்துவிடவில்லை. ஆனால் குறுக்கே பேச எனக்கு மனம் வரவில்லை.

"நீ சொல்லுதது எனக்கு வெளங்கல பாரதி. ஆவணி வரைக்கும்தான கேட்டேன்."

அண்ணி எக்ஸ்ரேயை உறையிலிருந்து எடுத்து, நிறம் பார்க்கும் வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். அண்ணாச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார்.

"இந்தக் கோடு தெரியுதா? இது போணி போட்ட கோடு அண்ணாச்சி. கரைய சுத்தி இழுக்கறோம் இல்ல, அதுல விட்ட விரிசல். இன்னும் இழுத்தா பக்கத்து வெரலும் போயிடுமாம்."

அவர் வெகு நேரம் பார்த்தார். "நானா பண்ணேன் இத?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நீங்க சொன்னீங்க. நான் பண்ணேன்."

"வலிக்குன்னு ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

"வலிக்குதுன்னு சொன்னா ராசி போயிடும்னு நெனச்சேன்."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போயிட்டு வா" என்றார். பிறகு, எங்களைப் பார்க்காமல், "ஆனா போணிக்கு நான் வேற ஆளு பாக்கணும்மா. கோவிச்சுக்காத" என்றார். அண்ணி தலையாட்டினார். புதுக்கடைப் போணியும் அந்தக் கும்பிடும் இனி அண்ணிக்கு இல்லை என்று எங்கள் இருவருக்கும் புரிந்தது.

ஆடித் தள்ளுபடியில் தி. நகரே நெரிந்துகொண்டிருந்த வாரத்தில் அண்ணிக்கு ஆபரேஷன் நடந்தது. கையை மட்டும் மரத்துப்போக வைத்ததால் உள்ளே நடந்த பேச்சு எல்லாம் கேட்டதாம். வெளியே வந்ததும் அண்ணனிடம், "அஞ்சுதான் இனிமே. சண்டைல அறைஞ்சா வலி கம்மியா இருக்கும்" என்றார். ஆவணியில் அடையாறு கடை திறந்தது. அண்ணாச்சியின் மருமகள் போணி செய்தார். அண்ணியை யாரும் கூப்பிடவில்லை. அன்று பகல் முழுக்க அவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன ஓடியது என்று கேட்டால் தெரிந்திருக்காது.

கை தேறி பழைய கடைக்குப் போனபோது, வழக்கமாக வரும் ஓர் அம்மா, "ஐயோ, இப்படிப் பண்ணிட்டியே, என் பொண்ணு கல்யாணத்துக்கு உன்ன நம்பி வந்தேனே" என்று சொல்லிவிட்டுப் புடவையைச் சுருட்டிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். எல்லோர் எதிரிலும். அன்று மதியமே அண்ணாச்சி அண்ணியை மாடியில் சரக்கு அடுக்கும் வேலைக்கு மாற்றினார். அங்கே வெளிச்சம் கிடையாது. நிறம் பார்க்கவும் ஆள் வராது. "வேல போவல, அதுவே பெருசு" என்று வீட்டில் சொன்னார். ஆனால் சரியாகச் சாப்பிடவில்லை.

கீழே போணிக்கு சாந்தோமிலிருந்து கயல் என்று புதுப்பெண் வந்திருந்தாள். வெள்ளிக்கிழமை பிறந்தவள் என்பதால் அண்ணாச்சிக்குத் திருப்தி. அவளுக்கு எல்லோரையும் போல ஐந்து விரல். ஒரு நாள் காலை முதல் ஆளுக்குக் கெட்டியான பட்டுக் கலப்புத் துணி. கயல் இழுத்தாள், கிழியவில்லை. பல்லால் கடித்தாள். பிறகு கரையைச் சுண்டு விரலில் சுற்ற ஆரம்பித்தாள். அண்ணி மாடிப்படியிலிருந்து அதைப் பார்த்துவிட்டார். இதை அவர் வந்து சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"கயலு, வுடு. சுத்தாத." கீழே இறங்கி வந்து துணியை வாங்கிக்கொண்டார். "அண்ணாச்சி, கத்தரி குடுங்க."

"போணிம்மா இது."

"தெரியும். அந்த வழக்கம் என் வெரலோட போவட்டும். எனக்காவது ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. இந்தப் பொண்ணுக்கு எல்லாமே தேவை."

அண்ணாச்சி சாமி படத்தைப் பார்த்தார். துணி வாங்க வந்தவர் பள்ளிக்கூட டீச்சர். மணியைப் பார்த்துவிட்டு, "எதாவது ஒண்ணு பண்ணுங்கப்பா, எனக்கு முதல் பீரியடு" என்றார். அண்ணாச்சி எழுந்து வந்து, முருகா என்று முனகிக்கொண்டே, கரையில் தானே ஒரு சின்ன வெட்டு வைத்தார். கயல் கிழித்தாள். சத்தம் என்னவோ அதேதான்.

"ஜாக்கெட்டு கலரு புடவைக்கு சேரல" என்றார் அண்ணி அந்த டீச்சரிடம். "இருங்க." வாசலுக்குப் போய்ப் புடவையைப் பார்த்தார். உள்ளே போய் வேறொரு துணியை உருவிக்கொண்டு வந்தார். டீச்சர் இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, முதலில் கிழித்ததை அங்கேயே வைத்துவிட்டு இதைக் கேட்டார். அண்ணாச்சி அன்று அண்ணியை மறுபடி மாடிக்குப் போகச் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். கல்யாணக் கூட்டம் முன்போல அண்ணியைத் தேடி வருவதில்லை. தழும்பு குளிர்ந்த தண்ணீரில் விறைக்கிறது. சில சமயம் இல்லாத விரல் அரிக்கிறதாம். சொறிய இடம் இல்லை என்கிறார். ஆனால் கை வலிப்பதில்லை. இறுக்கிப் பிடிக்கிறது. யாருக்கும் பிடிபடாத நிறம் வந்தால் அண்ணாச்சி கல்லாவிலிருந்தே, "பாரதிட்ட காட்டுங்க" என்கிறார். அவர் அப்போது அண்ணியின் கையைப் பார்ப்பதில்லை.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்த வீட்டில் ஆறு விரலோடு ஒரு குழந்தை பிறந்தால், ராசி என்றோ தோஷம் என்றோ யாராவது பேச ஆரம்பிப்பதற்கு முன்னால், இந்தக் கதையை அந்தக் குழந்தையின் அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள். வைத்துக்கொள்வதா, எடுப்பதா என்பதை டாக்டரிடம் கேட்டு அவர்களே முடிவு செய்யட்டும். மீனின் பெயர் வாயில் நுழையாவிட்டால் விட்டுவிடுங்கள். அண்ணியின் பெயரைச் சொல்லுங்கள். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதியிருக்கிறேன்.